கிளட்ச் பிடிக்கும் இடம்

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து ஆம்பூர் வரை நான்தான் ஓட்டி வந்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது மகள் பின் சீட்டில், அம்மா வாங்கி வந்த சாக்லேட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து வருகிறவளைக் கூட்டி வருவதற்காக முந்தின நாளே காரைக் கழுவி, சீட்டு உறை மாற்றி, கண்ணாடியை மூன்று தடவை துடைத்திருந்தேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காஞ்சிபுரம் திருப்பத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். ராணிப்பேட்டை தாண்டியதும் சொன்னாள்.

"இன்னாங்க இது, நீங்க ஒவ்வொரு கியர் போடும்போதும் நான் தலையாட்டிக்கிட்டே வர்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் குறட்டையைச் சொல்லலாம், முன்கோபத்தைச் சொல்லலாம், சர்ச்சில் நான் சுதி தப்பிப் பாடுவதைச் சொல்லலாம். வண்டி ஓட்டுவதை மட்டும் அதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் பேக்டரியில் எனக்குச் செலக்‌ஷன் வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது தள்ளு என்று பிரிக்க வேண்டும். கண் பார்ப்பதற்குள் கை சொல்லிவிடும். அதே கைதான் கியர் கம்பியையும் பிடிக்கிறது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

கார் பழையது. ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி வடிவ கார். அவள் அனுப்பிய பணத்தில்தான் வாங்கினேன். ஆனால் ஊரில் எல்லாரும் அதை என் கார் என்றார்கள், நானும் திருத்தவில்லை. பேக்டரிக்கு மோட்டார் சைக்கிளில் போவேன். கார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் வெளியே வரும்.

அவளுக்கு அங்கே லைசன்ஸ் கிடைத்ததை ஒரு வருஷத்துக்கு முன்னால் போனில் சொன்னாள். "அப்படியா, நல்லது" என்றேன். போனை வைத்துவிட்டு அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மகளிடம் காரணமில்லாமல் கத்தினேன். அவ்வளவு தூரத்தில், நான் பார்க்காத ரோட்டில், என் மனைவி கார் ஓட்டிக்கொண்டு போகிறாள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இந்தத் தடவை அவள் இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள், திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். வேலூரில் அவள் முன்பு நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மறுபடியும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். லீவு முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். மகள் அதைக் கேட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"ஆனா ஒண்ணுங்க. பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய் ஷிப்ட் பாக்க இனிமே என்னால முடியாது. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் இடுப்பு போச்சு. காரு சும்மாதானே நிக்குது. நானே ஓட்டிட்டுப் போய் வர்றதா இருந்தா சேர்ந்துட்றேன்."

"இந்த ஊர் லைசன்ஸ் வேணுமே" என்றேன்.

"எடுத்துக்கலாம். அங்க ஓட்றது ஆட்டோமேட்டிக். இங்க கியரு. நீங்கதான் சொல்லித்தரணும்."

அவள் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் நான்கு வருஷமாகக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் காலுக்கும் என் காரின் கிளட்சுக்கும் நடுவில்தான் இப்போது அது நின்றது. வேறு எந்தத் தடையும் இல்லை.

அவள் அங்கே ஓட்டிய கார்களில் ஒன்று அவளுடையதே இல்லை, ஒரு டாக்டருடையது. எகிப்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஓட்டக்கூடாது என்று இருந்த ஒன்றரை மாதம், அதே குடியிருப்பில் இருந்த இவள்தான் அவர் காரை எடுத்துக்கொண்டு அவரை டூட்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஜெர்மனிக்காரன் செய்த, வேகத்துக்கென்றே செய்த கார். மகள் அந்தக் கதையைத் தினமும் கேட்பாள், இவளும் அலுக்காமல் சொல்வாள்.

"அதுல ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திட்டா கியர் சீக்கிரம் மாறாது. இன்ஜின் நல்லா கத்துற வரைக்கும் பிடிச்சு வச்சிருந்து அப்புறம்தான் மாத்தும். மாத்துனது உடம்புக்குத் தெரியாது, சத்தத்துலதான் தெரியும். சும்மா காலை வச்சா போதும், முதுகு சீட்டுக்குள்ள போய்டும்."

சொல்லும்போது அவள் வலது கால் தரையில் தானாக அழுந்தும். கண் எங்கேயோ போய்விடும். அந்தக் கண்ணைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

"அந்த டாக்டர் முன்னாடி உக்காருவாரா, பின்னாடியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"முன்னாடிதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. கியர் போடாம ஓட்றதெல்லாம் ஒரு ஓட்டலா? ராட்டினத்துல ஏறி உக்கார்றவன் கூடத்தான் போறான்."

அறுபது வயதுக்காரரின் கண் ஆபரேஷன் மேல் பொறாமைப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் வந்த இரண்டாவது சனிக்கிழமை சத்துவாச்சாரிக்குப் போனோம். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த டீச்சர் ஓய்வு பெற்று அங்கே வீடு கட்டியிருந்தார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் அம்மாவுக்காக ஒரு சின்ன கரண்ட் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். அந்த நாளில் வேலூர்ப் பக்கம் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மாவு மிக்சியைச் சொருகுவது மாதிரி போர்ட்டிகோ பிளக்கில் சொருகி வைத்திருந்தார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. முன்னால் போக, பின்னால் போக ஒரு திருகு. அவ்வளவுதான்.

"ஓட்டிப் பாரேன்" என்றார் டீச்சர் என் மனைவியிடம்.

பத்து நிமிஷம் பிளாட் போட்ட புதுத் தெருக்களில் சுற்றிவிட்டு வந்தாள். டீச்சர் பக்கத்தில், மகள் பின்னால் பொம்மைக்குப் போட்டது போன்ற குட்டி சீட்டில். வந்து நின்றபோது சத்தமே இல்லை, டயர் மண்ணை அரைக்கிற சத்தம் மட்டும்தான். "காலை எடுத்தாலே தானா இழுத்துப் பிடிச்சு நிக்குதுங்க. பிரேக்கே ஜாஸ்தி வேணாம்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். என் காரில் உட்கார்ந்து அவள் அப்படி இருந்ததே இல்லை.

"நானும் ஒரு ரவுண்டு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டீச்சரும் மகளும் இருந்த இடத்திலேயே இருக்க, கிளம்பியது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் வேகம் வந்ததும் என் இடது கை ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பியைத் தேடிப்போய் வைப்பரைத் தட்டிவிட்டது. வெயிலில் வைப்பர் கிறீச்சென்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தது. அதை நிறுத்தத் தடவிக்கொண்டே தெருமுனையைத் திருப்பியபோது, திருப்பத்தில் கியர் குறைக்க வேண்டும் என்று இத்தனை வருஷப் பழக்கத்தில் என் இடது கால் கிளட்சை ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். கார் சுவரில் மோதினாற்போல் நின்றது. டீச்சரின் மூக்குக் கண்ணாடி எகிறி முன்னால் விழுந்தது.

"கிளட்ச் இல்லப்பா" என்றார் டீச்சர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. "ஒரு காலு போதும். இன்னொன்ன மடக்கி வச்சுக்கோ."

பின்னாலிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மாவுக்கு வருதே, உங்களுக்கு ஏன்ப்பா வரல?"

குழந்தை ஏதோ கேட்டது, அவ்வளவுதான். எனக்கு அது ஆம்பூர் வருகிற வரைக்கும் காதில் ரீங்காரம் போட்டது. பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் நான் போட்ட கியர்களில் மூன்று பேருக்கும் கழுத்து வலித்திருக்கும்.

அடுத்த நாளே பாடம் ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தபின் எங்கள் பேக்டரியின் லாரி மைதானம் காலியாக இருக்கும். வாட்ச்மேன் எனக்கு வேண்டியவர். தோல் மூட்டை ஏற்றுகிற சரிவு ஒன்றும் உண்டு, மேட்டில் நிறுத்தி எடுத்துப் பழகுவதற்குத் தோதாக.

இங்கே என் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால், பாதியில் பிடிக்க வேண்டிய கிளட்ச் பிடிக்காது. கால் முக்கால்வாசி மேலே வந்தாலும் பிடிக்காது. கடைசியாக ஒரு விரற்கடை இருக்கும்போது பட்டென்று பிடிக்கும். அந்த இடம் என் காலுக்குத் தெரியும். வாணியம்பாடியில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் பாய் ஒரு வருஷத்துக்கு முன்பே சொன்னார்: "பிளேட்டை மாத்திடுங்க சார். பேஜார் புடிச்ச வண்டி இது, உங்களைத் தவிர வேற யாரும் ஓட்ட முடியாது."

அவர் எச்சரித்தார். நான் அதை மெடல் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டேன். மாற்றவில்லை.

மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்த முதல் நாள் இதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் சாவியைத் திருகியபடி, "டாக்டர் வண்டில பட்டனை அமுக்குனா ஸ்டார்ட் ஆகும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் காலை மெதுவாக எடுத்தாள். வண்டி அசையவில்லை. இன்னும் எடுத்தாள். அசையவில்லை. பெடல் முழுக்க வந்துவிட்டதோ என்று நினைத்து விட்டபோது, கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும். மறுபடியும்.

"எங்கங்க பிடிக்குது?"

"பிடிக்கும். மெதுவா எடு."

"மெதுவாத்தானே எடுக்கறேன்?"

"இன்னும் மெதுவா. இது உன் ராட்டினம் இல்ல, கியர் வண்டி."

ஒவ்வொரு தடவை கார் அணையும்போதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழும்பி அடங்கும். அவள் நெற்றியில் வேர்வை வழியும். நான் கைக்குட்டையைக் கொடுப்பேன். "உனக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி, விடு" என்று ஆறுதல் மாதிரி சொல்வேன். பிறகு நான் உட்கார்ந்து, எண்ணெயில் வழுக்குவது போல ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவேன். மகள் தோல் ஏற்றும் மேடையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் பார்க்கட்டும் என்றுதான் ஓட்டினேன்.

என் மனைவி இங்கேயே இருக்க வேண்டாம் என்று நான் நினைத்தேனா என்றால், இல்லவே இல்லை. எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. டெஸ்டில் தோற்றாலும் அவள் இருந்துவிடுவாள். தினமும் நானே அவளைக் காரில் வேலூரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வருவேன். ஆஸ்பத்திரி கேட்டில் நான் காத்திருப்பேன், கூட வேலை செய்கிற நர்சுகள் பார்ப்பார்கள். என் மனைவி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் படத்தை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். செருப்பில்லாத இடது காலைக் குதிகால் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். தூக்குவாள், நிறுத்துவாள், தலையை ஆட்டிக்கொள்வாள், மறுபடி முதலிலிருந்து. பத்தொன்பது வருஷம் நோயாளிகளின் நரம்பைத் தடவியே கண்டுபிடித்து ஊசி போட்ட கைக்காரி. காலுக்கு ஒன்று பிடிபடவில்லை என்று இப்படிப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "தப்பு உன்மேல இல்லம்மா, பிளேட்டு தேஞ்சுபோச்சு" என்று ஒரு வரி. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அங்க உள்ள வண்டியெல்லாம் எவ்ளோ அருமை தெரியுமா" என்றாள். நான் காபி கேட்டேன்.

டெஸ்ட் நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தைச் சுற்றி எட்டு போட்டபோது இரண்டு தடவை அணைந்தது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பொறுத்துக்கொண்டார். மண் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அவள் ஹேண்ட் பிரேக்கை விட்டுக் காலைத் தூக்கினாள். பிடிக்கவில்லை. கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பயத்தில் காலை மொத்தமாக விட்டாள், துள்ளி அணைந்தது; பதறிக் கிளட்சை மறுபடி மிதித்ததும் இன்னும் வேகமாக உருண்டது. பின்னால் முறைக்குக் காத்திருந்த யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காரிலிருந்து இறங்கியவள் யாரையும் பார்க்காமல் போய் அந்த ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "டிக்கெட் உறுதி பண்ணிடுங்க. நான் போறேன்."

"அடுத்த வாரம் மறுபடியும் டெஸ்டுக்குப் போலாமே."

"வேணாங்க. ஒன்றரை மாசமா ஒரு காலை எடுக்கக் கத்துக்க முடியல. ஹைவேஸ்ல லாரிக்கு நடுவுல எப்படிப் போவேன்? யாரையாவது கொன்னுடுவேன்."

"நான் தினமும் கொண்டுபோய் விடறேனே."

"கேட்ல உங்களுக்காக நிக்கிற வேலையா எனக்கு?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "அங்க எனக்கு ஓட்ட வருது. இங்க வரல. அவ்ளோதான்."

மகள் அன்று சாப்பிடவில்லை. நான் போட்டு வைத்த கணக்கில் இப்படி ஒரு விடை வரும் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாணியம்பாடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாய் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா சார், இத்தினி நாள் கழிச்சு?"

"வீட்ல ஓட்டணும் பாய்."

"அப்ப முதல்ல வந்திருக்கணும் சார். கத்துக்கறவங்க கையில குடுக்கற வண்டியா இது?" என்றார். சாயங்காலத்துக்குள் புது பிளேட் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது கிளட்ச் பாதியில் வெண்ணெய் மாதிரி பிடித்தது. வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளாக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் தானாக வந்துவிடும், நான் எதையும் ஒப்புக்கொள்ளாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவள் கார்ப் பக்கமே வரவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஏர்போர்ட்டுக்குப் போகிற அன்று, காவேரிப்பாக்கம் தாண்டி ஹைவேஸை விட்டு ஒரு ஏரிக்கரை ரோட்டில் திருப்பி நிறுத்தினேன். ஆள் நடமாட்டம் இல்லை. "ஒரே ஒரு தடவை உக்காரு" என்று கெஞ்சினேன். மகளும் கெஞ்சினாள். மகளுக்காகத்தான் அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

காலை எடுத்தாள். கார் அசங்காமல் நகர்ந்தது. நிறுத்தினாள், மறுபடி எடுத்தாள். நகர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டு ஏரிக்கரை முழுக்க ஓட்டினாள். ஒருவர் தலையும் ஆடவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டினாள். அந்த நேரத்திலும் எனக்கு அது உறைத்தது. "அம்மா, வந்துடுச்சு!" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். அவளும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"இது அந்த கிளட்ச் இல்ல."

"புதுசு போட்டேன்."

"எப்ப?"

"டெஸ்டுக்கு மறுநாள்."

"பழசு இன்னா ஆச்சு?"

"தேஞ்சு போச்சு."

"எப்பயிலேர்ந்து?" வார்டில் நோயாளியிடம் கேட்பாளே, அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்ல முடியவில்லை.

"ஒரு வருஷமா."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ஏரியில் தண்ணீர் இல்லை, யாரோ மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். எவ்வளவு கேவலமான பதிலாக இருந்தாலும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து இறங்கினாள். பின் கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முன் சீட்டில் நான் மட்டும், வாடகைக் கார் டிரைவர் மாதிரி, மீனம்பாக்கம் வரை ஓட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் மகளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, நான் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"நல்லாப் படி. வயசு வந்ததும் காரு ஓட்டக் கத்துக்கோ. அப்பாகிட்ட மட்டும் கத்துக்காத."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் சரி என்று தலையாட்டினாள்.

அதன் பிறகும் என் மனைவி ஏழு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். லீவில் வரும்போது சென்னையிலிருந்து டாக்சி பிடித்து வருவாள். பேச்செல்லாம் உண்டு, வீட்டில் வழக்கமாக நடப்பதெல்லாம் நடந்தது, கார் பேச்சு மட்டும் இல்லை. மகள் பதினெட்டு முடிந்த அந்த மாதமே வேலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னாள். "நீங்க உள்ள வர வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போனாள்.